சூரியனின் மீதி 95 சதவீதம்

ஜப்பானின் இபராகி மாகாணத்தில் ககியோகா என்ற இடத்தில் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆய்வுக்களம் இருக்கிறது. அங்கே வெட்டவெளியில் 1,600 தட்டைப் பெட்டிகளை வரிசையாகப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம். மொத்தம் 100 சதுர மீட்டர். உள்ளே வினையூக்கிப் பொடி பூசிய கண்ணாடித் தகடு, அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம், மேலே கண்ணாடி மூடி, அவ்வளவுதான். நீரைப் பிளக்க மின்சாரம் எதுவும் தரவில்லை. வெயில் பட்டதும் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் குமிழியிட்டு வெளியேறின. கசுனாரி டோமென் தலைமையிலான குழு 2021-ல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவை வெளியிட்டது. பல மாதங்கள் திறந்த வெளியில் ஓடிக் காட்டிய ஏற்பாடு அது.

வெயிலின் ஆற்றலில் எவ்வளவு ஹைட்ரஜனாக மாறியது? அதிகபட்சம் 0.76 சதவீதம்.

பொடியின் மேல் பழி போட முடியாது. அலுமினியம் சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்ற அதே வகைப் பொருள், 350 முதல் 360 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிரில் 96 சதவீதம் வரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று டோமென் குழுவே 2020-ல் காட்டியிருந்தது. விழுகிற புற ஊதாவை அது ஏறக்குறைய வீணாக்குவதே இல்லை. ஆனால் தரையை எட்டும் வெயிலில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். ஏறக்குறைய 45 சதவீதம் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மீதிப் பாதி அகச்சிவப்பு. அந்தப் பெட்டிகளின் மேல் நாளெல்லாம் கொட்டிய வெயிலில் பெரும்பகுதி, வேதிவினை எதுவும் செய்யாமல் பொடியைக் கடந்து போனது.

கைக்கு எட்டாத அந்த 95 சதவீதத்தில் ஒரு பங்கையாவது பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு வேதியியலாளர்கள் தேடிய விடைகளில் ஒன்று தங்கம், வெள்ளி, செம்பு ஆகிய உலோகங்களின் நானோ துகள்கள்.

வெள்ளைப் பொடியின் பிடிவாதம்

ஒளியால் இயங்கும் வினையூக்கிகளில் மூத்தவற்றில் ஒன்று டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டிலும் பற்பசையிலும் சன்ஸ்கிரீனிலும் இருக்கும் அதே பொருள். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த தாது; அதிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்துச் சுத்திகரித்தால் கிடைப்பது இந்த வெள்ளைப் பொடிதான்.

வெயில் படும் பழைய சுவரில் கை வைத்தால் வெள்ளையாகப் பொடி ஒட்டுகிறதே, அதற்கு இந்தப் பொருளும் ஒரு காரணம். பெயின்டை இறுக்கிப் பிடித்திருக்கும் பிசினை, புற ஊதாவை வாங்கிக்கொண்டு டைட்டானியம் டை ஆக்சைடு மெல்ல மெல்லச் சிதைக்கிறது. இந்தக் குணத்தை அடக்கத்தான் பெயின்டுக்கான பொடியைத் தயாரிப்பவர்கள் துகள்களின் மேல் சிலிக்காவும் அலுமினாவும் பூசுகிறார்கள். அவர்களுக்குத் தொல்லையாக இருந்த குணம் மற்றவர்களுக்கு வரமானது. 2001-ல் பில்கிங்டன் நிறுவனம், மேலே படியும் அழுக்கை வெயிலிலேயே சிதைத்து மழையில் கழுவிக்கொள்ளும் ஜன்னல் கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரிச்சர்ட் மையர் வடிவமைத்து 2003-ல் ரோம் நகரில் திறக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின் வெண்ணிறக் கான்கிரீட்டிலும் இதே பொருள் கலந்திருக்கிறது.

நீரைப் பிளக்கும் திறமை வெளிப்பட்டது டோக்கியோவில். 1960-களின் பிற்பகுதியில் கெனிச்சி ஹோண்டாவின் மாணவராக இருந்த அகிரா புஜிஷிமா, டைட்டானியம் டை ஆக்சைடு படிகத் துண்டை நீரில் வைத்து, அதைக் கம்பியால் பிளாட்டினத்தோடு இணைத்து, ஸெனான் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். படிகத்தின் மேல் ஆக்ஸிஜன் குமிழ்கள் எழுந்தன, பிளாட்டினத்தில் ஹைட்ரஜன். 1972-ல் இருவரும் எழுதி 'நேச்சர்' வெளியிட்ட கட்டுரை ஒரு துறையையே தொடங்கிவைத்தது. அடுத்த ஆண்டே பெட்ரோல் நெருக்கடி உலகை உலுக்க, வெயிலிலிருந்து எரிபொருள் என்ற எண்ணம் ஆய்வுக்கூடங்களைத் தொற்றிக்கொண்டது.

உள்ளே நடப்பது இதுதான். குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் ஓர் ஆற்றல் பட்டையில் நிறைந்திருக்கின்றன. அதற்கு மேலே இன்னொரு பட்டை காலியாக இருக்கிறது. நடுவே ஓர் இடைவெளி. ஒளித்துகளான ஃபோட்டான் ஒன்று வந்து எலக்ட்ரானை மேலே தூக்கிவிட்டால், கீழே ஒரு துளை உண்டாகும். அந்தத் துளை நீரிடமோ அழுக்கிடமோ எலக்ட்ரானைப் பறிக்கும். மேலே போன எலக்ட்ரான் ஆக்ஸிஜனுக்கோ ஹைட்ரஜன் அயனிக்கோ போய்ச் சேரும். வினை முடிந்த பிறகும் பொடி பொடியாகவே இருக்கும்.

அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடில் அந்த இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். 520 நானோமீட்டர் பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் இருப்பதோ 2.4. எத்தனை கோடி ஃபோட்டான்கள் வந்து விழுந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே குறைவுபடுவதால் எலக்ட்ரான் அசையாது. சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கதிருக்கு மட்டுமே இந்தப் பொடி இணங்கும். கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் அனைத்தையும் திருப்பி அனுப்புவதால்தான் இது இவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது.

இடைவெளியைச் சுருக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. டொயோட்டாவின் மைய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அசாஹியும் சக ஆய்வாளர்களும் 2001-ல் டைட்டானியம் டை ஆக்சைடில் நைட்ரஜனைப் புகுத்தி, அதைக் கண்ணுறு ஒளியிலும் வேலை செய்யவைத்தார்கள். பொடி மஞ்சளானது. ஆனால் அந்நிய அணு நுழைந்த இடங்களிலேயே எலக்ட்ரானும் துளையும் மீண்டும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வது இந்த வழியின் பலவீனம். பொடியை மாற்றாமல், ஒளியைப் பிடித்துத் தரும் ஒரு துணையை அதன் மேல் ஒட்டவைப்பது இன்னொரு வழி. அங்கேதான் தங்கம் வருகிறது.

சிவக்கும் தங்கம்

தங்கம் மஞ்சளாக இருப்பது கட்டியாக இருக்கும்போதுதான். வெளிர் மஞ்சளான தங்கக் குளோரைடு கரைசலைக் குடுவையில் கொதிக்கவைத்து, அதில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே இருந்தால், முதலில் மஞ்சள் மறைந்து நிறமற்றுப் போகும். பிறகு கருநீலம் பரவும். சில நிமிடங்களில் அது ஊதாவாகி, கடைசியில் அடர்ந்த ஒயின் சிவப்பில் வந்து நிற்கும். 1951-ல் ஜான் டர்கெவிச்சும் சக ஆய்வாளர்களும் விவரித்த இந்த முறை இன்றைக்கும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் தினசரி நடக்கிறது. குடுவையில் மிதக்கும் துகள்களின் விட்டம் சுமார் 20 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் இவற்றை ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம்.

இந்தச் சிவப்பு நுண்ணிய தங்கத் துகள்களால் வருகிறது என்று 1857-லேயே சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. அவர் செய்த கரைசல்களில் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் பாதுகாக்கப்படுகின்றன. ஏன் சிவப்பு என்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாவ் மீ. ஆண்டு 1908.

உலோகத்தில் எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாமல் திரிகின்றன. ஒளி ஒரு மின்காந்த அலை. துகள் மிகச் சிறியதாக இருக்கும்போது, அந்த அலை பட்டதும் எலக்ட்ரான்கள் அனைத்தும், காற்றில் நெல்வயல் ஒருசேரச் சாய்ந்து நிமிர்வதுபோல, ஒரே தாளத்தில் இப்படியும் அப்படியும் அசைகின்றன. இந்தக் கூட்டு அசைவுக்குப் பிளாஸ்மான் என்று பெயர். துகளின் இயல்பான தாளமும் ஒளியின் தாளமும் ஒத்துப்போகும் அலைநீளத்தில் அசைவு உச்சத்துக்குப் போகும். சிறிய வெள்ளி உருண்டைக்கு அது 400 நானோமீட்டர் அளவில், தங்கத்துக்கு 520 அளவில். தங்கம் பச்சையை விழுங்கிவிடுவதால் நமக்குச் சிவப்பு மிஞ்சுகிறது. உருண்டையைக் குச்சியாக நீட்டினால் உச்சம் சிவப்புக்கும் அதைத் தாண்டி அகச்சிவப்புக்கும் நகரும். இந்தத் தாளத்தில் துகள் தன் உடல் பரப்பைப்போல இரண்டு மூன்று மடங்கு பரப்பில் விழும் ஒளியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதும் உண்டு.

இழுத்த ஒளி என்ன ஆகிறது? கூட்டு அசைவு மிக விரைவில் குலைந்து, அதன் ஆற்றல் சில எலக்ட்ரான்களிடம் போய்ச் சேர்கிறது. இவற்றைச் 'சூடான எலக்ட்ரான்கள்' என்பார்கள். சில பிக்கோ நொடிகளுக்குள் இவை தம் ஆற்றலை அணுக்களிடம் இழந்துவிடும். பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதற்குள் பக்கத்தில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் தாவிவிட்டால் எலக்ட்ரான் பிழைத்தது. தங்கத்துக்கும் பொடிக்கும் நடுவே உள்ள தடுப்பின் உயரம் ஏறக்குறைய 1 எலக்ட்ரான் வோல்ட். பொடி தனியாக இருந்தபோது 3.2 தேவைப்பட்டது, இப்போது 2.4 கொண்டுவரும் பச்சை ஃபோட்டானுக்கு வழி திறந்துவிட்டது. ஃபுருபேயும் சக ஆய்வாளர்களும் 2007-ல் லேசர் துடிப்புகளால் இந்தத் தாவலை அளந்தார்கள். 10 நானோமீட்டர் தங்கத் துகளிலிருந்து 240 ஃபெம்டோ நொடிக்குள், அதாவது ஒரு பிக்கோ நொடியின் கால் பங்குக்குள், சுமார் 40 சதவீத எலக்ட்ரான்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தன.

இதே துறையில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டெட்சு டட்சுமா செய்து காட்டிய ஒன்று, பார்ப்பவர்களுக்கு வித்தை போலவே இருக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தின் மேல் புற ஊதாவால் வெள்ளித் துகள்களைப் படியவைத்தால் படலம் பழுப்பாகும். பல அளவுகளில் துகள்கள் இருப்பதால் எல்லா நிறங்களையும் அது விழுங்குகிறது. அதன் மேல் பச்சை ஒளியைக் காட்டினால், பச்சைக்கு இசையும் துகள்கள் மட்டும் எலக்ட்ரானை இழந்து கரைகின்றன. பச்சையை விழுங்க ஆளில்லாமல் படலம் பச்சையாகிவிடுகிறது. சிவப்பைக் காட்டினால் சிவப்பு, நீலத்தைக் காட்டினால் நீலம். 2003-ல் வந்த இந்த முடிவுக்குப் பின், 2005-ல் யாங் டியானும் டட்சுமாவும் தங்கத்தை எடுத்துக்கொண்டார்கள். எந்த அலைநீளத்தைத் தங்கம் அதிகம் விழுங்கியதோ அதே அலைநீளத்தில் மின்னோட்டமும் உச்சத்தைத் தொட்டது. வேலையைச் செய்தது தங்கம் பிடித்த ஒளிதான் என்பதற்கு அந்த இரண்டு வரைகோடுகளின் பொருத்தத்தைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

உலோகம் உதவுவதற்கு எலக்ட்ரானைத் தாண்டவிடுவது ஒன்றே வழி அல்ல. ஜப்பானின் அவாஸு குழு 2008-ல் வெள்ளித் துகள்களுக்குச் சிலிக்கா உறை போட்டு, டைட்டானியம் டை ஆக்சைடில் பதித்தது. சிலிக்கா மின்காப்புப் பொருள். எலக்ட்ரான் தாண்ட வாய்ப்பே குறைவு. ஆனாலும் புற ஊதாவை ஒட்டிய ஒளியில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் சிதையும் வேகம் 7 மடங்கு வரை கூடியது. பிளாஸ்மான் அசையும்போது துகளைச் சுற்றி மின்புலம் பல மடங்கு செறிவாகிறது. அந்தச் செறிவே பொடிக்கு வலுவான ஒளிபோல ஆகிவிடுகிறது. பொடி தானாக விழுங்கக்கூடிய அலைநீளத்தின் அருகில் உலோகத்தின் தாளமும் இருந்தால்தான் இந்த உதவி பலிக்கும். வெள்ளி பலித்ததற்கு அதன் 400 நானோமீட்டர் தாளமே காரணம். 'பிளாஸ்மான் ஒளிவினையூக்கி' என்ற பெயர் துறையில் பரவியது அவாஸு குழுவின் கட்டுரைக்குப் பிறகுதான்.

சூடா, ஒளியா?

இங்கிருந்துதான் விவகாரம் கடினமாகிறது. எலக்ட்ரானைக் கொடுத்த தங்கத்தில் துளை மிஞ்சுகிறது. அதை யாராவது உடனே நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் போன எலக்ட்ரான் திரும்பி வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் மெத்தனாலோ எத்தனாலோ சேர்த்தால் அது தாராளமாக எலக்ட்ரானைத் தரும். தண்ணீர் அவ்வளவு எளிதில் தராது. அதனால் மெத்தனால் கலந்த நீரில் ஹைட்ரஜன் குமிழ்ந்தது என்ற செய்தியை, தண்ணீரை வெயில் பிளந்தது என்று எழுதுவது சரியல்ல. உலோகம் அதிகமாகிவிட்டாலும் கெடுதல். பொடிக்குப் போக வேண்டிய ஒளியை மறைத்து, எலக்ட்ரானும் துளையும் சந்தித்து அழியும் இடமாகவும் அது மாறிவிடும்.

அடுத்த சிக்கல் வெப்பம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், பீட்டர் நார்ட்லேண்டர் குழு, அறை வெப்பநிலையில் தங்கத்தின் மேல் ஹைட்ரஜன் மூலக்கூறைக் கண்ணுறு ஒளியால் பிரித்ததாக 2013-ல் அறிவித்தது. அந்தப் பிணைப்பை உடைக்க 4.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். தங்கமோ ஹைட்ரஜனிடம் அவ்வளவாக ஒட்டாத உலோகம். 2018-ல் அதே குழு அம்மோனியா சிதைவை ஆராய்ந்து, ஒளியின் பங்கையும் வெப்பத்தின் பங்கையும் பிரித்துக் காட்டியதாகச் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோனாதன் சிவனும் அவருடைய சகாக்களும் அதை மறுத்தார்கள். வெப்பநிலை அளந்த விதம் பிசகு, வெறும் சூடே அந்த வேகத்தை விளக்கிவிடும் என்றார்கள். ஹாலஸ் குழு பதில் கொடுத்தது. உலோகம் விழுங்கும் ஒளியில் பெரும்பகுதி கடைசியில் வெப்பமாகவே முடிவதால் இந்தச் சந்தேகம் அர்த்தமுள்ளது. இரு தரப்பும் மோதியதில் துறைக்கு லாபம்தான்: வினையூக்கியின் மேற்பரப்பு வெப்பநிலையை அளந்து காட்டாத கட்டுரைகளை இப்போது யாரும் எளிதில் ஏற்பதில்லை.

சாயச் சோதனையில் இன்னும் பெரிய ஓட்டை இருக்கிறது. புதிய பொடி செய்தவர்கள் வழக்கமாக மெத்திலீன் நீலக் கரைசலில் அதைப் போட்டு, விளக்கடியில் வைத்து, நீலம் வெளுப்பதைக் காட்டுவார்கள். ஆனால் மெத்திலீன் நீலமே கண்ணுறு ஒளியை விழுங்கும் பொருள். அதன் உச்சம் 664 நானோமீட்டரில். சாயம் தானே ஒளியைப் பிடித்து எலக்ட்ரானைப் பொடிக்குத் தந்து வெளுத்திருக்கலாம். அல்லது சிதையாமலே நிறமற்ற வடிவத்துக்கு மாறி, காற்றுப் பட்டதும் மறுபடி நீலமாகலாம். பொடியின் மேல் ஒட்டிக்கொண்டே கரைசலிலிருந்து மறைந்தும் போகலாம். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் புன்ஷோ ஓதானியும் சகாக்களும் 2006-லேயே இந்தச் சாயம் கண்ணுறு ஒளிச் சோதனைக்கு உகந்ததல்ல என்று எழுதிவிட்டார்கள். எழுதிய பிறகும் அதே சாயத்தில் சோதனைகள் வந்துகொண்டே இருப்பது வருத்தமான விஷயம்.

தமிழ்நாட்டுக்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கு உதவாமல் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் ஊரறிந்த வரலாறு. 'வெயிலில் சாயநீரைச் சுத்தம் செய்யும் நானோ பொடி' என்ற தலைப்பு அந்த மக்களுக்கு எவ்வளவு நம்பிக்கை தரும் என்பதை யோசித்தால், அதை அலட்சியமாக எழுதக் கூடாது என்பது புரியும். பட்டறையிலிருந்து வரும் நீரில் சாயம் மட்டும் இல்லை. சாயம் துணியில் ஏறக் கொட்டும் உப்பும் இருக்கிறது. எந்த ஒளிவினையூக்கியும் உப்பை நீக்காது. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கியும் தேவைதான். அதோடு, உப்பின் குளோரைடு வெள்ளித் துகளை அரித்து வெள்ளிக் குளோரைடாக்கும். கழிவுநீரின் அடர்ந்த நிறம் ஒளியை உள்ளே விடாது. வினையூக்கி உதவக்கூடிய இடம் வேறு: மற்ற சுத்திகரிப்பெல்லாம் முடிந்து, தெளிந்த நீரில் மிஞ்சியிருக்கும் பிடிவாதமான கரிமப் பொருள்களைச் சிதைக்கும் கடைசிக் கட்டம்.

செலவுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். எடையில் 1 சதவீதம் தங்கம் என்றால் ஒரு கிலோ பொடிக்கு 10 கிராம், ஒன்றேகால் சவரன். மருந்துத் தயாரிப்புக்கோ உணர்விக்கோ கட்டுப்படியாகும், கழிவுநீருக்கு ஒருபோதும் ஆகாது. ஆகவேதான் மலிவான பொருள்களை நோக்கித் தேடல் திரும்பியிருக்கிறது. துளையிடும் பிட்டுகளின் நுனியில் தங்க நிறத்தில் பூசுகிறார்களே, அந்த டைட்டானியம் நைட்ரைடு, ஒளியிடம் ஏறக்குறையத் தங்கத்தைப்போலவே நடந்துகொள்கிறது. அலுமினியத்தையும் சோதிக்கிறார்கள். 2022-ல் ஹாலஸ் குழு, செம்பும் இரும்பும் சேர்ந்த வினையூக்கியால், எல்இடி வெளிச்சத்தில் அம்மோனியாவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தது. விலை உயர்ந்த ருத்தேனியம் கலந்த வினையூக்கிக்கு ஏறக்குறைய இணையான திறனை அது தொட்டது. வெப்பத்தால் மட்டும் இயக்கினால் இரும்பு, ருத்தேனியத்துக்குக் கிட்டவே வராது. ஒளி வந்ததும் வித்தியாசம் மறைந்தது. ஹூஸ்டனில் உள்ள சிஸிஜி பிளாஸ்மானிக்ஸ் நிறுவனம் இந்த வகை ஒளி உலைகளைத் தொழிலாக்கும் முயற்சியில் இருக்கிறது. அங்கே எரியும் விளக்கு வெயில் அல்ல, எல்இடி. ஆனாலும் இந்தத் துறையில் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்த முதல் சில அடிகளில் அது ஒன்று.

உலோக நானோ துகள் கண்ணுறு ஒளியைப் பிடித்து வேதிவினைக்குத் தருகிறது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. எவ்வளவு தருகிறது, எத்தனை நாள் தாங்குகிறது, எவ்வளவு செலவில் என்பவைதான் மிஞ்சியிருக்கும் கேள்விகள். மணலும் வெயிலும் தாராளமாக இருக்கும் நம் மாநிலத்தில் பல கல்லூரி ஆய்வுக்கூடங்கள் இந்தப் பொடிகளைச் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நிதி தருபவர்கள் ஒரு நிபந்தனை போடலாம்: நீலம் வெளுத்த புகைப்படம் போதாது. உப்பும் மாவும் சோப்பும் கலந்த அசல் பட்டறை நீரில், பொடி போட்டும் போடாமலும், வெயிலிலும் இருட்டிலும் சோதித்து, நீரில் மிஞ்சிய மொத்தக் கரிமத்தின் அளவையும், பொடியிலிருந்து கரைந்து வெளியேறிய உலோகத்தின் அளவையும் சேர்த்தே வெளியிடட்டும்.